பழைய மேசைக்குப் பால் வண்ணம்: முதன்முறை பூசுவோருக்கு

பாலின் புரதத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்யும் பால் வண்ணத்தை (மில்க் பெயிண்ட்) பூச நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மரம் குடித்தால்தான் அது நிற்கும் என்பது. எனாமல் பெயிண்ட் மரத்தின் மேல் ஒரு தோலைப் போலப் படர்ந்து உலர்கிறது. அடியில் பழைய வார்னிஷ் இருந்தாலும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். பால் வண்ணமோ தண்ணீரோடு மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகுவது. இறங்க வழியில்லாத இடத்தில் சில நாட்களிலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பழைய பாலிஷ், மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு, ஆசாரி துடைக்காமல் விட்ட பெவிகால் சொட்டு என்று அந்த வழியை அடைப்பவை பல. ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி அடைப்புகளை நீக்குவதிலேயே கழியும். தூரிகையைக் கையில் எடுக்கும் நேரம் மொத்தத்தில் கால் பங்குகூட இராது. அந்தப் பொறுமை உள்ளவருக்குக் கிடைப்பது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல ஒளியை மெல்ல வாங்கிக்கொள்ளும், பளபளப்பற்ற, மரத்தின் ரேகை மங்கலாகத் தெரியும் ஒரு மேற்பரப்பு. வேறெந்தப் பூச்சிலும் நான் அந்த அழகைக் கண்டதில்லை.

விளக்கம் எளிதாக இருக்க, இரண்டு இழுப்பறைகள் கொண்ட ஒரு சிறிய எழுது மேசையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாற்காலி, முக்காலி, சிறிய அலமாரி எதற்கும் இதே வரிசைதான்.

பூச்சுக்குள் என்ன இருக்கிறது

பசும்பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன் எனப்படும் வகை. பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் திரிந்து கட்டியாக ஒதுங்குவது அதுவே. அந்தத் திரளை நீறிய சுண்ணாம்போடு பிசைந்தால் கேசீன் கரைந்து, ஒட்டும் தன்மையுள்ள கூழாக மாறுகிறது; ஒருமுறை நன்றாக உலர்ந்து இறுகியபின் அது மறுபடி தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை. மிஞ்சிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கல்லாக இறுகுகிறது. இந்தக் கூழில் காவி போன்ற மண் நிறமிகளைக் கலந்தால் பால் வண்ணம் ஆயிற்று.

பாலையும் சுண்ணாம்பையும் சேர்ப்பது நமக்குப் புதிய செய்தி அன்று. சென்னைச் சுண்ணாம்புச் சாந்தைப் பற்றி ஐசக் பைக் என்பவர் எழுதி 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்த கட்டுரை, முட்டையின் வெண்கருவோடு தயிரையும் சேர்மானமாகக் குறிப்பிடுகிறது. மரச் சாமானுக்கும் வீட்டுச் சுவருக்கும் பூசும் வண்ணமாக இதைப் பரப்ப முயன்றவர்களில் ஒருவர் பிரான்சைச் சேர்ந்த காதே த வோ. பால் வண்ணத்துக்கென்றே 1801இல் ஒரு குறிப்பேடு வெளியிட்டார். இன்று இணையத்தில் நாம் காணும் பொட்டலப் பொடிக்கு வழி செய்தது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குரோட்டன் என்னும் ஊரில் 1974இல் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மில்க் பெயிண்ட்' என்ற பெயரோடு டப்பாவில் திரவமாக விற்கப்படுபவற்றில் சில உண்மையில் அக்ரிலிக் பெயிண்டுகள். அவை தரம் குறைந்தவை அல்ல, ஆனால் இங்கே சொல்லும் முறை அவற்றுக்குப் பொருந்தாது. பொடியாக வந்து, வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டியதாக இருந்தால் அதுவே பழைய முறைப் பால் வண்ணம்.

எதற்குப் பூசலாம், எதற்குப் பூசக்கூடாது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய சாமான்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, நல்ல பர்மா தேக்கும் ஈட்டியும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மரம் கையில் கிடைத்தால் எந்த வண்ணமும் பூசாதீர்கள். அழுக்கை எடுத்து எண்ணெய் கொடுத்தால் போதும். நூறாண்டு முதிர்ந்த மரத்தின் நிறத்தை மூடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தேக்கும் ஈட்டியும் தம்முள் இருக்கும் எண்ணெயால் தண்ணீர்ப் பூச்சை எளிதில் ஏற்பதுமில்லை.

பால் வண்ணத்துக்கு ஏற்றவை மாமரம், வேம்பு, பூவரசு, ரப்பர் மரம் முதலியவற்றில் செய்த சாமான்களும், பல மரத்துண்டுகளை இணைத்துச் செய்ததால் நிறம் ஒத்துப்போகாதவையும், மூன்று நான்கு முறை எனாமல் அடித்து உருவமே தெரியாமல் போனவையும்தான். சன்மைக்கா ஒட்டியதும் மரத்தூள் பலகையில் செய்ததும் இதற்கு ஆகாது. முன்னது தண்ணீரைக் குடிக்காது. பின்னது குடித்து ஊதிவிடும்.

மேசையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, கவிழ்த்துப் பாருங்கள். காலின் அடியிலும் இழுப்பறையின் அடிப்பலகையிலும் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகள் இருந்து, தட்டும்போது மாவு போன்ற தூள் கொட்டினால் உளுக்கும் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. துளைகள் பழையவையாக, தூள் இல்லாமல் இருந்தால் அஞ்ச வேண்டாம். விரல் கணுவால் தட்டும்போது பொத்தென்ற வெற்றோசை வந்தால் கரையான் உள்ளே தின்றிருக்கலாம்; அதை விட்டுவிடுங்கள். மேசை ஆடுவது ஒரு குறையே அன்று. மூட்டுகளைத் திரும்ப ஒட்டிவிடலாம். மூட்டுக்குள் செருகியிருக்கும் நாக்கே ஒடிந்திருந்தால்தான் ஆசாரியின் உதவி வேண்டும்.

பிரித்தலும் சீர்செய்தலும்

முதலில் கைபேசியில் நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பறைகளை உருவி, எது இடம் எது வலம் என்று பின்பலகையில் பென்சிலால் எழுதுங்கள். கையால் செய்த பழைய மேசைகளில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் சரியாக நுழையாது. கைப்பிடிகளையும் கீல்களையும் கழற்றி, அவற்றின் திருகாணிகளோடு தனித்தனி உறைகளில் இடுங்கள். பித்தளைக் கைப்பிடிகளைப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து எடுத்து வைத்துவிடலாம்.

உளு இருந்தால் வண்ணம் பூசும் முன்பே அதற்கு முடிவு கட்ட வேண்டும். பலர் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். பால் வண்ணம் பூசப்போகும் மரத்தில் அதைச் செய்யாதீர்கள், ஏனெனில் எண்ணெய் ஏறிய இடம் பிறகு வண்ணத்தைக் குடிக்காது. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை, பழைய பூச்சை நீக்கியபின் (அது அடுத்த பகுதியில்) வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை ஊறும்படி தடவுவது இந்த வேலைக்கு ஒத்துப்போகும் வழி. கையுறை அணிந்து செய்யுங்கள். உலர்ந்தபின் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஆடும் மூட்டுகளை ரப்பர் சுத்தியலாலோ, மரத்துண்டு ஒன்றை இடையில் வைத்துச் சாதாரணச் சுத்தியலாலோ தட்டிப் பிரிக்கலாம். மிகப் பழைய சாமானாக இருந்தால் உள்ளே தேன் நிறத்தில் கண்ணாடி போல நொறுங்கும் பசை தெரியும், அது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்யும் வச்சிரம். வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்தால் இளகிவிடும். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது என்பதால், உளியின் முனையால் மரத்தைக் குறைக்காமல் பசையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு பெவிகால் தடவிப் பொருத்தி, இறுக்க வேண்டும். இரும்புக் கிளாம்ப் இல்லாதவர்கள் கால்களைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அதே இறுக்கம் கிடைக்கும். மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் முழுவதும் அப்படியே இருக்கட்டும்.

இறுக்கும்போது பிதுங்கும் பெவிகாலை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அது உலர்ந்த இடம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் பூசிய மறுநிமிடம் வெளிறிய திட்டாகத் தெரியும். இதே காரணத்தால்தான் மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்து விரிசலை அடைக்கும் வழக்கத்தையும் பார்வைபடும் இடங்களில் தவிர்க்கச் சொல்கிறேன். அகலமான விரிசலுக்கு அதே வகை மரத்தில் மெல்லிய சிம்பு ஒன்றைச் சீவி, பசை தடவிச் செருகி, உலர்ந்தபின் இழைத்துவிடுவது நல்லது. நுண்ணிய விரிசல்களை அப்படியே விட்டுவிடலாம். பால் வண்ணத்தில் அவை குறையாகத் தெரிவதில்லை.

இழுப்பறை இறுக்கமாக இருந்தால் இழைப்புளியை எடுக்கும் முன் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை வாங்கி ஊதியிருக்கும்; அப்போது இழைத்துத் தள்ளினால் பங்குனி வெயிலில் இழுப்பறை லொடலொடவென்று ஆடும்.

பழைய பூச்சை அடையாளம் காணுதல்

மேசையின் கண்ணில் படாத ஒரு மூலையில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டாலேயே துடைத்து நீக்கிவிடலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாதது எனாமலாகவோ எண்ணெய் வார்னிஷாகவோ பி.யு. (பாலியூரிதேன்) பூச்சாகவோ இருக்கும்; அதைப் பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியபின் தகட்டால் சுரண்ட வேண்டும். காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில், நெருப்புக்கு அருகில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பூச்சு உள்ள சாமானை உலர்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தைகளுக்குப் பெருங்கேடு. ரிமூவர் போட்டு ஈரமாகவே சுரண்டி, சுரண்டலைச் செய்தித்தாளில் வாங்கி மூடிக் கட்டி, நல்ல முகமூடி அணிந்து, குழந்தைகளும் கருவுற்றோரும் இல்லாத இடத்தில் வேலையை முடித்து, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். சூடேற்றிப் பெயிண்டை உரிக்கும் கருவியை இங்கே பயன்படுத்த வேண்டாம்.

பூச்சு போனபின் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, துணியால் தேய்த்துப் பிசுக்கை எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். கை படும் விளிம்பும் இழுப்பறை முகப்பும்தான் அதிக எண்ணெய் ஏறிய இடங்கள். அடுத்து உப்புத்தாள். 80ஆம் எண்ணில் தொடங்கி, 120, 180 என்று ரேகைப் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் வண்ணத்தின் ஊடாகத் தெரியும். 180க்கு மேல் வழவழப்பாக்குவது வீண் வேலை மட்டுமல்ல, மரத்தின் வாயை மூடுவதும் ஆகும். இறுதியாக ஈரத்துணியால் ஒருமுறை முழுவதும் துடைத்து உலர விட்டால் மரத்தின் நார் முள்முள்ளாக எழும்பி நிற்கும். அதை 220ஆம் எண் தாளால் அழுத்தாமல் தடவி எடுத்துவிட்டால், வண்ணம் பூசும்போது மீண்டும் அவ்வளவாக எழும்பாது.

இனி, என் முறையில் நான் ஒருபோதும் தவிர்க்காத சோதனை. மேசையின் பல இடங்களில் விரல் நுனியால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் சொட்டு பரவி மரம் கறுத்தால் அந்த இடம் தயார். தாமரை இலை நீர் போல உருண்டு நின்றால் அங்கே இன்னும் மெழுகோ பாலிஷோ இருக்கிறது, மறுபடி தேயுங்கள். எல்லா இடமும் குடிக்கும் வரை வண்ணப் பொட்டலத்தைத் திறக்க வேண்டாம். எவ்வளவு தேய்த்தும் சில இடம் குடிக்காவிட்டால், பொடி விற்பவர்களே விற்கும் ஒட்டுத்திரவத்தைப் புட்டியில் குறித்த அளவில் முதல் பூச்சில் மட்டும் கலந்துகொள்ளலாம்.

வண்ணம் தயாரித்தல்

பொட்டலப் பொடி எளியது. பொடியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சம அளவு எடுத்து, தண்ணீரில் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, 15 நிமிடம் ஊற விட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இந்த மேசைக்கு ஒரு கோப்பைப் பொடியில் தொடங்கினால் போதும். கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும், பாலல்லவா, கெட்டுவிடும்.

வீட்டிலேயே செய்ய விரும்புவோர் கொழுப்பு நீக்கிய பாலில் தொடங்க வேண்டும். கொழுப்பு உள்ள பால் வண்ணத்தை உலர விடாமல் பிசுக்காக்கும். அத்தகைய பால் கிடைக்காத ஊரில், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். கொதிக்க விடாமல், விரல் பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் காய்ச்சி, இரண்டு எலுமிச்சையின் சாற்றை ஊற்றிக் கலக்கி மூடி வையுங்கள். திரள் முழுவதும் ஒதுங்கித் தண்ணீர் தெளிந்ததும் துணியில் வடித்து, புளிப்பு போகும்வரை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். திரளில் ஐந்து கரண்டிக்கு ஒரு கரண்டி என்ற கணக்கில், கெட்டியாகக் குழைந்த நீறிய சுண்ணாம்பைச் சேர்த்து மத்தால் கடையுங்கள். சில நிமிடங்களில் குருணை மறைந்து, வழவழப்பான, சற்றே ஒளி ஊடுருவும் கூழாக அது மாறுவதைக் கண்முன்னே காணலாம். மாறாமல் குருணையாகவே இருந்தால் சுண்ணாம்பு செத்தது என்று பொருள். திறந்த மூட்டையில் காற்றுப்பட்டுக் கிடந்து கல்லாகிப்போன சுண்ணாம்பு கேசீனைக் கரைக்காது. அரைமணி ஊறியபின் துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் ஒரு துளி பட்டாலும் புண்ணாக்கும். பட்டால் உடனே ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வீட்டில் நீற்ற முயலாதீர்கள், அது கொதித்துத் தெறிக்கும். ஏற்கெனவே நீறியதையே வாங்குங்கள்.

நிறமி எது என்பது இங்கே முக்கியம், ஏனென்றால் சுண்ணாம்பின் காரம் பல நிறங்களை அழித்துவிடும். மஞ்சள் தூளைப் போட்டால் என்ன ஆகும் என்பதை ஆரத்தித் தட்டிலேயே பார்த்திருக்கிறோம்: சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும், பிறகு வெளிச்சத்தில் அந்தச் சிவப்பும் வெளுத்துப்போகும். நம்பத்தக்கவை மண்ணிலிருந்தும் இரும்பிலிருந்தும் வருபவை: செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆக்சைடு. நம் வீடுகளில் சிமெண்டுத் தரைக்குப் போட்ட ரெட் ஆக்சைடுப் பொடி இதற்கு மிகப் பொருத்தம். சிமெண்டின் காரத்தைத் தாங்கியது சுண்ணாம்பையும் தாங்கும். கடையில் கேட்கும்போது பொடி என்று அழுத்திச் சொல்லுங்கள், அதே பெயரில் இரும்புக் கம்பிக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்டும் உண்டு. வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடும் சாக்குப் பொடியும், நீலத்துக்கு அல்ட்ராமரீன் பொடியும் பயன்படும்.

நிறமியை முதலில் சிறிது தண்ணீரில் பசையாகக் குழைத்து, பிறகு கேசீன் கூழில் கலக்குங்கள். பசையின் அளவு கூழின் அளவை மீற வேண்டாம். கலந்ததை ஒரு சோதனைப் பலகையில் பூசி, உலர்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஏறினால் நிறமி மிகுதி. கூழை இன்னும் சேருங்கள். உலர்ந்த நிறம் ஈரத்தில் பார்த்ததைவிட வெளிறித் தெரியும், மேலே எண்ணெய் கொடுத்ததும் மறுபடி ஆழமாகும். ஆகவே சோதனைப் பலகையின் ஒரு பாதிக்கு எண்ணெயும் தடவிப் பார்த்தபின்பே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

பூசுதல்

என் முதல் மேசையை மே மாதத்து நண்பகலில் மொட்டைமாடியில் வைத்துப் பூசினேன். தூரிகை நகர்வதற்குள் வண்ணம் உலர்ந்தது. மறுநாள் துணியால் துடைத்தபோது பாதி நிறம் துணியோடு வந்துவிட்டது. மரத்துக்குள் இறங்குவதற்குள் வெயில் தண்ணீரை உறிஞ்சிவிட்டதே காரணம். அதன்பிறகு காலை ஒன்பது மணிக்குள்ளோ மாலையிலோ, மின்விசிறி ஓடாத நிழலில் மட்டுமே பூசுகிறேன்.

வெளியே தெரியும் இரும்பு ஆணித் தலைகளின் மேல் முதலில் ஒரு துளி அரக்கு பாலிஷ் வைத்து உலர விடுங்கள். இல்லையேல் தண்ணீர் பட்டுத் துருவும் கறுப்பும் வண்ணத்தில் ஊறி வரும். பிறகு மரத்தை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் மின்னாமல் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நிலையில் முதல் பூச்சைத் தொடங்குங்கள். முதல் பூச்சு நீர்மோர் போல இருக்க வேண்டும். ரேகைப் போக்கில், ஒரு பலகையைத் தொடங்கினால் அதை முடித்தபின்பே அடுத்ததற்குச் செல்லுங்கள். பாதியில் விட்டால் விளிம்பு கோடாக நிற்கும். முதல் பூச்சு உலர்ந்ததும் திட்டுத்திட்டாக, மனம் சோர்வடையும்படிதான் தெரியும். அனைவருக்கும் அப்படித்தான், கலங்க வேண்டாம். நிறமி அடியில் தங்கும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கிக்கொண்டே இருங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து, 220 தாளால் தூசியை மட்டும் தடவி எடுத்து, இரண்டாம் பூச்சைச் சற்றுக் கெட்டியாக, கடைந்த மோரின் பதத்தில் கொடுங்கள். அடர் நிறத்துக்கு இரண்டு பூச்சு போதும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் மூன்று வேண்டும். இளநிறத்தின் ஊடாகப் பழுப்புக் கறை கிளம்பினால் அது மரத்தின் துவர்ப்பு. அந்த இடத்தில் மட்டும் அரக்கு பாலிஷை மெல்லியதாகத் தடவி, உலர்ந்ததும் லேசாகத் தேய்த்து, மறுபடி பூசுங்கள். தேக்குக் கலந்த சாமானுக்குக் காவி, கரும்பச்சை போன்ற நிறங்களைத் தேர்ந்தால் இந்தத் தொல்லையே இராது. இழுப்பறையின் பக்கங்களிலும் அது ஓடும் சட்டத்திலும் வண்ணம் பூசக்கூடாது.

சிலர் வேண்டுமென்றே வண்ணத்தைச் சுரண்டிப் பழமைத் தோற்றம் தருவார்கள். செய்ய விரும்பினால், கை உண்மையாகவே படும் இடங்களில் மட்டும் செய்யுங்கள்: இழுப்பறைக் கைப்பிடியைச் சுற்றி, மேசை விளிம்பில், கால் உரசும் கீழ்ச்சட்டத்தில். யாரும் தொடாத இடத்தில் தேய்மானம் இருந்தால் அது பார்ப்பவர் கண்ணை உறுத்தும்.

மேற்காப்பு

காப்பில்லாத பால் வண்ணத்தில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் தடம் விழும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், புரதம் என்பதால் பூஞ்சையும் பிடிக்கலாம். வன்பொருள் கடைகளில் கிடைக்கும் கொதிக்கவைத்த லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், எனக்கு மிகவும் பிடித்த காப்பு. கடைசிப் பூச்சு ஒரு நாள் உலர்ந்தபின் துணியால் மெல்லியதாகத் தடவி, 15 நிமிடத்தில் மிஞ்சியதை முழுவதும் துடைத்து எடுத்து, இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை கொடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவாதீர்கள். ஆளிவிதை எண்ணெயைப் போல அவை இறுகுவதில்லை, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடுவது ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, திறந்தவெளியில் ஒற்றை மடிப்பாக விரித்து விறைக்கும்வரை காய விட்ட பிறகே எறியுங்கள்.

காலுக்கும் பக்கங்களுக்கும் எண்ணெயும், அதன் மேல் சிறிது தேன்மெழுகும் போதும். மேசையின் மேற்பலகையில் சூடான காபி டம்ளர் வைக்கும் வீடாக இருந்தால் மெழுகு தாங்காது. அங்கே மட்டும் எண்ணெய்க்குப் பதிலாக, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பி.யு. பூச்சை மெல்லியதாக இரண்டு முறை கொடுத்துவிடுங்கள். மினுக்கம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

கைப்பிடிகளைப் பூட்டி, இழுப்பறை ஓடும் சட்டங்களில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, எழுதி வைத்த இடம் வலம் பார்த்து நுழைத்தால் மேசை தயார். வண்ணம் முழுவதும் இறுக ஏறக்குறைய 30 நாள் ஆகும் என்பதால், அதுவரை கனமான பொருள்களை அதன்மேல் இழுக்காமல், ஈரத்துணி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைப் பலகையின் பின்புறம் திரள், சுண்ணாம்பு, நிறமி ஆகியவற்றின் அளவுகளைப் பென்சிலால் எழுதி இழுப்பறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பின்னொரு நாள் காலொன்றில் வண்ணம் பெயர்ந்தால், அந்த இடத்தை மட்டும் வெறும் மரம் வரை தேய்த்து, சொட்டு நீர் வைத்துப் பார்த்து, அதே அளவில் ஒரு கிண்ணம் கலந்து பூசிக்கொள்ளலாம்.